நைரோபியிலிருந்து எங்கே போகலாம்?

நைரோபியில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு ஆசைப்படாதீர்கள். போய்ச் சேரவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரண்டு இரவாவது தங்கினால்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு.

அந்த ஒரு நாளுக்கு நைவாஷா ஏரிப் பக்கம் போங்கள், சுமார் 90 கி.மீ. பக்கத்திலேயே ஹெல்ஸ் கேட் பூங்கா. வாசலில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். வரிக்குதிரைகள் மேய்வதைப் பார்த்தபடி பாறைச் சுவர்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டே போகலாம். காட்டெருமை தென்பட்டால் மட்டும் தள்ளியே நில்லுங்கள். நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்கமாட்டார்கள், முன்கூட்டியே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். அப்புறம், திரும்பும்போது மாலை நெரிசல் படுத்தி எடுக்கும். மூன்று மணிக்கே கிளம்புவது நல்லது.

அம்போசெலி தேசியப் பூங்காவுக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள். அங்கிருந்து பார்த்தால் கிளிமஞ்சாரோ மலை பெரும்பாலும் விடியற்காலையில்தான் மேகம் விலகித் தெரியும்.