மலையில் உங்கள் நடை எது?

சென்னையின் சமதளத்தில் தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவர்கள்கூட மலைப்பாதையில் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். பெரும்பாலும் உடல் வலுக் குறைவல்ல, தொடக்க வேகமே காரணம். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் நடை. பேச்சு அறுந்தால் காலடியைச் சுருக்குங்கள். குழுவாகப் போனால் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். யாரும் தனியே பின்தங்க மாட்டார்கள்.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கு ஒன்றரை மடங்காக்குங்கள், பறவை பார்க்க நிற்பவராக இருந்தால் (நிற்கத்தானே போகிறோம்!) இரு மடங்கு. திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் அதை மீறாதீர்கள்.

முதல் நடைக்குத் திருவள்ளூர் மாவட்டப் பூண்டி அருகே உள்ள கூடியம் குகைப் பாதை அருமையானது. கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக்குடைவு அது. தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பார்த்து, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் பாதைகளை மூடுவதுண்டு.