"ஸ்டேஜ் 1 செஞ்சிருக்கு சார்": ஓட்டச் சுகமான பழைய ஹேட்ச்பேக் வாங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

குழந்தை பிறந்தாயிற்று, பைக்கை விற்றாயிற்று, வீட்டுக்கு ஒரு கார் வேண்டும். ஆனால் மிதித்தால் கொஞ்சம் பாய வேண்டும். கையில் இருப்பது நாலரை லட்சம், இழுத்துப் பிடித்தால் ஆறு. கோயம்புத்தூரில் "வண்டி பார்க்கக் கூட வாங்க" என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். அந்த வயதில் நான் ஏமாந்த அதே இடங்களில் இவர்களும் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மீட்டரைக் குறைத்திருப்பார்கள், டிங்கரிங் பார்த்திருப்பார்கள், ஆர்சியில் லோன் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

பேட்ஜைப் பார்த்து விலை பேசுவது

வேகமான ரகத்துக்குக் கம்பெனி வைக்கும் பெயர் "ஜிடி". பின்கதவில் அதை ஒட்டியிருந்தால் மட்டும் அது ஜிடி ஆகிவிடாது. ஸ்டிக்கர் கடையில் அந்த எழுத்து கிடைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோவில் இது பெரிய குழப்பம். 2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐ 1197 சிசி, நாலு சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 105 குதிரைசக்தி. அதே காலத்துச் சாதாரண பெட்ரோல் போலோ 1198 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ கிடையாது. ஆர்சியில் ஒரே ஒரு சிசி வித்தியாசம்! பிற்பாடு வந்த 1.0 லிட்டரில் நிலைமை இன்னும் மோசம்: சாதாரண இன்ஜினும் 999 சிசி, 110 குதிரைசக்தி டர்போவும் 999 சிசி, இரண்டுமே மூன்று சிலிண்டர். ஆகவே சிசியைப் பார்க்காமல், ஆர்சியில் மாடல் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து டர்போ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பலேனோவில் இது தலைகீழ். சாதாரண பலேனோ 1.2 லிட்டர், 2017-இல் வந்த ஆர்எஸ் ஒரு லிட்டர்தான், ஆனால் டர்போ, நூற்றுச் சொச்சம் குதிரைசக்தி. "சின்ன இன்ஜின் வேண்டாம்" என்று ஆர்எஸ்ஸை ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐ20-யில் "ஸ்போர்ட்ஸ்" என்பது நடுத்தர வேரியன்டின் பெயர், அவ்வளவுதான். வேகமான ஐ20 வேண்டும் என்றால் 2021-இல் வந்த என் லைன் பக்கம் போக வேண்டும். அதன் விலை இந்த பட்ஜெட்டுக்குள் இறங்க இன்னும் நாளாகும்.

ஸ்டேஜ் 1 வண்டியை லாபம் என்று நினைப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான்.

டர்போ இன்ஜினில் எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு எரிபொருள் என்பதையெல்லாம் ஈசியு என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதிலுள்ள கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். ஸ்டேஜ் 1 என்றால் வேறெந்தப் பாகத்தையும் மாற்றாமல் இதை மட்டும் செய்வது. லேப்டாப்பைச் சொருகி மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள். வண்டி உண்மையிலேயே பறக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் கம்பெனிக்காரன் அந்தச் சக்தியைச் சும்மா விட்டுவைக்கவில்லை. மட்டமான பெட்ரோல், நாற்பது டிகிரி வெயில், ஐந்து பேரும் லக்கேஜும் ஏறிய மலைப்பாதை என எல்லாவற்றுக்கும் தாங்க வேண்டுமே என்று கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தான். ரீமேப் அந்த இடத்தைத் தின்றுவிடுகிறது. இன்ஜின் பெரும்பாலும் தாங்கிவிடும். அடி விழுவது கிளட்ச், ஃப்ளைவீல், கியர்பாக்ஸ், இன்ஜின் மவுன்ட்டுகள் மேல்.

புது வண்டி வாங்கி, வாரண்டி போனாலும் பரவாயில்லை என்று தானே செய்துகொள்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பணம், அவர் சுகம். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவருக்கு வந்து சேர்வது இன்னொருவர் அனுபவித்த சுகத்தின் தேய்மானம். அதற்குக் கூடுதலாகப் பணமும் கொடுக்கிறார்கள்!

எங்கள் தெருத் தம்பி ஒருவன், சரவணம்பட்டியில் ஐடி வேலை. ஒரு டீசல் ஹேட்ச்பேக் பார்த்துவிட்டு வந்து, "ஸ்டேஜ் 1 செஞ்சிருக்குங்ணா, அதுக்கே நாப்பதாயிரம் ஆச்சாமா. நமக்கு சும்மாவே கெடைக்குது" என்றான். வேண்டாம்டா என்றேன். முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொல்லவே வந்திருந்தான். கொஞ்ச நாளில் அம்மா, மனைவி, குழந்தை, பைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பினான். மேட்டுப்பாளையம் தாண்டி மேடு ஏற ஆரம்பித்ததும் ஆர்பிஎம் மட்டும் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. உள்ளே கருகிய வாடை. பின்சீட்டில் அம்மாவுக்கு வாந்தி. வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். கிளட்ச் செட், ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல், கூலி எல்லாம் சேர்த்து பில் எண்பதாயிரத்தைத் தொட்டது. விற்றவருக்கு போன் போட்டால், "எங்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். அதுவும் பொய்யில்லை.

இந்த விற்பனையாளராவது வாயால் சொன்னார். விற்பதற்கு முந்தின வாரம் ஈசியுவைப் பழைய கணக்குக்கே திருப்பிவிட்டு, "கம்ப்ளீட் ஸ்டாக்" என்று சத்தியம் செய்கிறவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் தடயம் இருக்கும்.

முதலில் கிளட்ச். ஆளில்லாத சாலையில் நாலாவது கியர் போட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமுள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் துள்ளி முன்னால் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. டீசல் என்றால் இரண்டாவது கியரில் இதையே செய்து, கண்ணாடியில் பின்னால் பாருங்கள். கரும்புகை குபுகுபுவென்று வந்தால் எரிபொருள் கணக்கில் யாரோ கை வைத்திருக்கலாம், வேறு கோளாறாகவும் இருக்கலாம்.

அடுத்து பானெட்டுக்குள். ட்யூனிங் பாக்ஸ் (ஈசியுவைத் தொடாமல், சென்சார் ஒயரில் சொருகிச் சக்தியைக் கூட்டும் சின்னப் பெட்டி) வைத்திருந்து கழற்றியிருந்தால் எரிபொருள் ரெயிலின் பிரஷர் சென்சார் பக்கம் போகும் ஒயரைப் பாருங்கள். கம்பெனி சுற்றிய துணி டேப் ஒரு நிறம், அதன்மேல் கடையில் வாங்கிய பளபளக்கும் கருப்பு டேப் இன்னொரு நிறமாக இருக்கும். கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ அடிக்கடி திறந்திருக்கிறார்கள். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். பல ஈசியுக்களில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகியிருக்கும். விற்கிறவர் அதற்கு இழுத்தடித்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மாற்றங்களைத் தெரிவிக்காத பாலிசியை வைத்துக்கொண்டு விபத்துக்குப் பின் க்ளைம் கேட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் அந்த வண்டிதான் பிடித்திருக்கிறது என்றால், சரி. ஒரு கிளட்ச் செட், ஃப்ளைவீல் விலையை விசாரித்து, அதைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இன்னொருவர் செலவழித்த நாற்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் கூடச் சேர்க்காதீர்கள்.

டிஎஸ்ஜி-யை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு ஓகே சொல்வது

பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை, ஆகவே நெரிசலில் ஊர்ந்தால் சூடேறும். இதே கியர்பாக்ஸ் பிரச்சினைக்காக 2013-இல் சீனாவில் மூன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். விற்கிறவர் காலையில் காலிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டக் கொடுப்பார். வெண்ணெய் மாதிரி போகும். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் காந்திபுரம் பக்கம் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் போட்டால் தாமதிக்கிறதா என்று பாருங்கள். இதன் மெக்கட்ரானிக்ஸ் (கியரையும் கிளட்சையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) போனால் வரும் பில் இந்த பட்ஜெட்டில் இருப்பவருக்கு ஆகாது. என்னைக் கேட்டால் 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ மேனுவல். அந்த வருடத்திலிருந்து ஆட்டோமேட்டிக்கிலும் டிஎஸ்ஜி போய் டார்க் கன்வெர்ட்டர் என்கிற வழக்கமான வகை, ஆறு கியரோடு வந்துவிட்டது.

பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது

இது குடும்ப வண்டி. வண்டி பார்க்கப் போகும்போது வீட்டுக்காரம்மாவையும் அம்மாவையும் கூட்டிப் போங்கள். உங்கள் உயரத்துக்கு முன்சீட்டைத் தள்ளிவைத்து, அவர்களைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். போலோ இந்தப் பரீட்சையில் திணறும். பலேனோ எளிதாகத் தேறும். ஏர்பேக்கும் பாருங்கள்: 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்யம், ஏர்பேக் உள்ளது நாலு நட்சத்திரம். வெளித்தோற்றம் ஒன்றுதான்.

டயர்

பக்கவாட்டில் நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பழசாக இருந்தால் நாலு டயர் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

நின்றுபோன மாடல்மேல் ஆசை வைப்பது

அபார்த் புன்டோ 145 குதிரைசக்தி. இந்த விலைக்கு அந்த வேகம் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் ஃபியட் இங்கே புன்டோவை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஒரு ஹெட்லைட் உடைந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் தேட வேண்டும். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு மட்டும். நம்ம ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, ஓட்டுவதற்கு அருமை, 114 குதிரைசக்தி. பாடி பாகங்களில் பலவும் சாதாரண டியாகோவுடையவை என்பதால் சமாளிக்கலாம். ஆனால் அதற்கென்றே போட்ட பம்பர் போனால் தேடல்தான். ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும் சர்வீஸும் பாகங்களும் தொடர்கின்றன. 100 குதிரைசக்தி ஃபிகோ டீசலை, டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருந்தால், நான் இன்றும் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்.

மூழ்கிய வண்டி

சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் சேறு அங்கேதான் இருக்கும்.

டெல்லி நம்பர், மலிவு விலை

பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு டெல்லி வட்டாரத்தில் இருந்த கெடுபிடியால் அங்கிருந்து டீசல்கள் தெற்கே இறங்கின. விலை கேட்டால் வாய் பிளக்கும். ஆனால் வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும்; அதற்கு வண்டி பதிவான பழைய ஆர்டிஓ-வின் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு சாலை வரி, இரண்டும் தேவை. பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க நீங்கள் தனியாக அலைய வேண்டும். பெரும்பாலும் யாரும் அலைவதில்லை. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஐந்தோ பத்தோ ஆயிரம். அதற்கு இந்த அலைச்சல் எதற்கு?

இன்ஷூரன்ஸ்

பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விற்றவருடைய நோ க்ளைம் போனஸ் (க்ளைம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடே போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.