தோட்டத்துக் கதை எழுதிப் பழகுவோருக்கு

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு சிறுகதை எழுதத் தொடங்கும் இளையவர்களிடம் உணர்ச்சிக்குக் குறைவில்லை. அவர்களுடைய கைப்பிரதிகளில் குறைவது வேலையைப் பற்றிய விவரம். லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வறுமையும் மழையும் அட்டைக்கடியும் கடனும் முதற் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. ஆனால் காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போன பெண் மாலை வரை என்ன செய்தாள், யார் அவளிடம் என்ன சொன்னார்கள், அன்று அவளுக்கு முழுப்பேர் (முழு நாட்சம்பளம்) விழுந்ததா என்பது கதை முடியும் வரை தெரிவதில்லை. எழுத்தைச் செம்மைப்படுத்த விரும்புவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதற் பயிற்சியாக ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் இரண்டு பக்கங்களுக்கு எழுதிப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். 'நாள் முழுவதும் பாடுபட்டும் அவளுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை' என்று எழுதினால் செய்தி போய்ச் சேரும். வாசகர் மனதில் எதுவும் தங்காது. அதையே தராசுக்கு அருகில் நின்று எழுதுங்கள். மழையில் நனைந்த கொழுந்து தராசில் ஏறுகிறது. தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுகிறது. கழித்த பின் தோட்டம் நிர்ணயித்த அளவு வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். தராசின் முள், எடையைப் பதியும் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருப்பதால், வரிசையில் நிற்பவள் அவர் கையிலுள்ள பேனையையே பார்க்கிறாள். தனக்கு முன்னால் நின்றவளுக்கு எவ்வளவு கழித்தார் என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்கிறாள். தன் முறை வந்ததும், "என்னங்கய்யா, இன்னைக்கு இவ்வளவு வெட்டுறீங்க?" என்று கேட்பதா, கூடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நகர்வதா என்று தயங்குகிறாள். இந்தத் தயக்கத்தை நீங்கள் சரியாக எழுதிவிட்டால் கூலியைப் பற்றித் தனியாக ஒரு வரிகூடத் தேவைப்படாது.

அடுத்து, அதே காட்சியைக் கணக்கப்பிள்ளையின் கண் வழியாக எழுதுங்கள். மலையில் நிறுத்த எடையும் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) நிறுத்த எடையும் ஒத்துவராவிட்டால் தோட்ட நிர்வாகியான துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரைக் கொடியவராக மட்டுமே படைப்பது பழகிப்போன வழி. அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது தெரிந்தால் அந்தப் பெண்ணின் கோபத்துக்கும் கனம் கூடும். இரண்டு வடிவங்களையும் எழுதிய பின், எந்தக் கண் வழியாகக் கதையைச் சொல்வது என்று தீர்மானித்து, அதிலிருந்து கடைசி வரை விலகாமல் இருங்கள்.

காலத்தில் தவறு நேரக் கூடாது. 1960களில் நடக்கும் கதையில் கொழுந்தைக் கிலோவில் அல்ல, இறாத்தலில்தான் (பவுண்டில்) நிறுக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் கணவனும் மனைவியும் சம்பள நாளில் சண்டையிடும் காட்சியை எழுதுபவர் இதை மறந்துவிட்டால் அந்தச் சண்டையே பொய்யாகிவிடும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போனதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்கு வந்ததும் அதேபோல் மறக்கக் கூடாதவை. 1964 ஒக்டோபரில், தோட்டத் தமிழரில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று கதைக்குள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தான், தம்பி இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தான் என்றால், அம்மா யாரோடு போனாள், வளர்த்த மாடு யாரிடம் போனது என்பதை எழுதுங்கள். வரலாறு அதற்குள்ளேயே இருக்கிறது.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீலி (தண்ணீர் பிடிக்கும் குழாய்), காம்பிரா (லய அறை), இஸ்தோப்பு (முன்திண்ணை), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்) போன்ற சொற்களுக்குக் கதையில் அடிக்குறிப்புப் போடாதீர்கள். காட்சி தெளிவாக இருந்தால் பொருள் தானே விளங்கும். ஒரே பெண் பீலிக்கரையில் பேசுவதும் துரையின் முன் பேசுவதும் டவுன் கடையில் சிங்கள முதலாளியிடம் பேசுவதும் வேறு வேறாக இருக்கும். கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு திரும்பும் மகனின் பேச்சில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இன்றைய மலையகக் கதைகளில் பல அந்த மகனைச் சுற்றியே எழுதப்பட வேண்டியவை என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்த கதையைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு வாசியுங்கள். சாவிலோ ஆசிரியரின் ஆவேசத்திலோ முடியும் கதைகள் பெரும்பாலும் அந்தப் பத்தி இல்லாமலேயே நிற்கக்கூடியவை. 'பாவப்பட்ட', 'அப்பாவி' போன்ற அடைமொழிகளையும் அப்போதே அடித்துவிடுங்கள்.

பின்னர், கொழுந்து பறிக்கும் சிலரிடம் கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ஆகவே, இப்படி நடக்குமா என்று கேளுங்கள். அவர்கள் இடைமறித்துத் திருத்தும் இடங்களை அன்றிரவே குறித்து வையுங்கள். ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் "எங்க டிவிசன்ல அப்படி இல்லையே" என்று மறுத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கதை எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் நடக்கிறது என்பதை அடுத்த பிரதியைத் தொடங்கும் முன் நீங்கள் முடிவுசெய்தாக வேண்டும்.