சென்னைச் சமையலறையில் கோஷர்: மீனும் காய்கறியும் போதும்

யூதர்களின் உணவு விதிமுறையான கோஷரைச் சென்னையில் கடைப்பிடிக்க நினைத்தால், முதலில் கறியை விட்டுவிடுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பயிற்சி பெற்ற யூதர் முறைப்படி அறுத்தால்தான் கோழியும் ஆடும் கோஷர். கடைக்கோழியை எத்தனை மணி நேரம் கல்லுப்பில் ஊறவைத்தாலும் ஆகாது. ஹலால் கறியும் அதற்கு ஈடில்லை. கறி அடுப்பேறாத வீட்டில் பாலுக்கும் கறிக்கும் தனித்தனிப் பாத்திரம் வைக்கும் தொல்லை இல்லை. சாம்பார் சாதத்தில் நெய்யைத் தாராளமாக விடலாம்.

மீனை அறுக்க விதி கிடையாது. துடுப்பு, செதில் இரண்டும் இருந்தால் போதும். செதில் தோலைக் கிழிக்காமல் பெயர்ந்து வர வேண்டும். சங்கரா, கொடுவா, பாறை, மத்தி, கட்லா, விரால் ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை, கெளுத்தி ஆகாது. காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வெட்டித் தரச் சொல்லாதீர்கள். அதே கத்தியும் கட்டையும்தான் இறாலுக்கும் சுறாவுக்கும். முழு மீனாகச் செதிலோடு வாங்கி வீட்டில் ஆயுங்கள். தோல் உரித்த துண்டு என்ன மீன் என்று கண்ணால் சொல்ல முடியாது, அதனால் வேண்டாம்.

பலரும் சறுக்குவது காய்கறியில்தான். காலிஃபிளவரைக் கொதிக்கும் மஞ்சள் நீரில் போடுவது நம் வழக்கம். புழு சாகும், ஆனால் பூவிலேயே தங்கிவிடலாம். கோஷரில் செத்த புழுவும் புழுதான். பூவைச் சிறு கொத்துகளாகப் பிரித்து, 2 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து, 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாக உலுக்குங்கள். அந்தத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உயிரோடோ செத்தோ புழு ஏதாவது தெரிந்தால் மறுபடி அலசுங்கள். மூன்றாம் முறையும் வந்தால் அந்தப் பூவைத் தூக்கிப் போடுவதே நல்லது. கீரையையும் கறிவேப்பிலையையும் இலை இலையாக, அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரவையைச் சலியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் பொட்டு இருந்தால் ஒதுக்குங்கள்.

யூதர் வீட்டுக்கு வாங்கிய புது எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களை நீரில் அமிழ்த்த வேண்டும். அதற்குக் கடல் ஏற்றது. பெசன்ட் நகர் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டிக்கர் பசையை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுப் போங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அமிழ்த்தினால் உள்ளே காற்று தங்கி அந்த இடத்தில் நீர் படாது. சாய்த்து அமிழ்த்தி, பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் (அலை பறித்துக்கொண்டு போகாத அளவுக்கு). பழைய மண்சட்டியைக் கோஷர் ஆக்க வழியில்லை, புதிதாக வாங்குங்கள்.

சமையலுக்கு யூதரல்லாத ஆள் வருகிற வீட்டில், அடுப்பை யூதர் ஒருவர் பற்ற வைக்க வேண்டும். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) மரபில் அதுவே போதும். செஃபார்டி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) மரபில் பாத்திரத்தையும் அவரே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

இனி நாலு பேருக்குச் சங்கரா குழம்பு. மீன் அரை கிலோ. எலுமிச்சை அளவு புளியை ஒன்றரைக் கப் நீரில் கரையுங்கள். 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கால் தேக்கரண்டி வெந்தயம், 15 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, 2 தக்காளி வதக்கி, 2 மேசைக்கரண்டி குழம்புத் தூள், மஞ்சள், உப்பு சேருங்கள். புளித்தண்ணீர் ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். மீனைக் கடைசியில் போட்டுச் சிறு தீயில் 7 நிமிடம். கரண்டி போட்டால் உடையும், சட்டியைச் சுழற்றுங்கள். தேங்காய்ப் பால் சேர்க்கத் தடையில்லை. ஆனால் செஃபார்டிகளில் பலர் மீனோடு பால், தயிர் சேர்ப்பதில்லை. தயிரைத் தனியாக வையுங்கள்.

புளித்த மாவுப் பண்டங்களை யூதர்கள் விலக்கும் பாஸ்கா பண்டிகை வாரத்தில் கட்டிப் பெருங்காயம் கூடாது, பெரும்பாலும் அதில் கோதுமை மாவு கலந்திருக்கும். அஷ்கெனாசிகள் அந்த வாரம் அரிசி, பருப்பையும் தொடமாட்டார்கள். உருளைக்கிழங்குப் பொரியலும் மீனும் போட்டுவிடுங்கள்.