பரம்பரைச் சைவம் என்ற தைரியத்தில் பாலை நிறுத்துகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழா முடிந்து கொஞ்ச நாள் போனால் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கும். 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லாமல் இருந்து பழகிவிட்டோம், இனி அப்படியே விட்டுவிடலாம் என்று யோசிக்கிறோம், பிள்ளைகளுக்கு என்ன சமைச்சுக் கொடுக்கிறது அன்ரி, இதுதான் கேள்வி. நல்ல விஷயம். இப்போது அதில் சிலர் இன்னும் ஒரு படி போய், பாலும் வேண்டாம், தயிரும் வேண்டாம், நாங்கள் வீகன் என்கிறார்கள். அதுவும் நல்ல விஷயம்தான். எங்கள் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பிழைகளில் புதிது என்று ஒன்றும் இல்லை. நாங்கள் தொடங்கின காலத்துப் பிழைகளையே ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள்.

மரக்கறி நிறையச் சாப்பிடுங்கோ, பொரித்ததைக் குறையுங்கோ என்கிற புத்திமதி எல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

மாசி

பேக்கரியில் வாங்கும் சீனிச் சம்பல் பணிசில் அனேகமாக மாசிக் கருவாடு இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

"அப்பு ஆச்சி எல்லாம் சைவம்தானே"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆச்சி சைவம், சரி. ஆனால் ஆச்சி வீட்டுக் கொட்டிலில் மாடு நின்றதே. விடியக் காய்ச்சின பால், மத்தியானச் சோற்றுக்குத் தயிர், வெயிலுக்கு மோர், பின்னேரம் திரும்பவும் பால் தேத்தண்ணி. இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய விற்றமின் பி12 ஆச்சியின் உடம்புக்கு வந்தது அந்த மாட்டிடமிருந்து. பி12ஐ உண்டாக்குவது நுண்ணுயிர்கள். மாட்டின் வயிற்றில் அவை உண்டாக்குவது பாலில் இறங்குகிறது, மீனில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது. முருங்கை இலை, பயறு, குரக்கன், எள்ளு, ஒடியல் மா, இவற்றில் வேறு எவ்வளவோ நல்லது இருந்தாலும் நம்பி இருக்கக்கூடிய அளவுக்கு பி12 கிடையாது. மச்சத்தை விட்டவருக்குப் பால் என்கிற ஒரு வழி மிச்சம் இருக்கிறது. பாலையும் விடுகிறவருக்கு, பி12 வேறாகச் சேர்க்காத சாப்பாட்டில் வழியே இல்லை. பரம்பரை பரம்பரையாகச் சைவம் என்பது வீகனுக்குச் சாட்சி ஆகாது என்பதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று, தலையாட்டுகிறார்கள், பிறகு போய் ஸ்பைருலினா என்கிற பாசித் தூள் வாங்குகிறார்கள்.

வீகன் என்ற பெயரோடு இங்கிலாந்தில் சங்கம் தொடங்கியது 1944இல். பி12 முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். அந்த முதல் ஆட்களுக்குத் தாங்கள் எதை விடுகிறோம் என்று தெரிந்திருக்க வழியே இல்லை, பாவம், அவர்களில் சிலருக்கு நாக்குப் புண்ணும் கைகால் விறைப்பும் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. பாமசியில் குளிசை இருக்கிறது.

கோண்டாவில் பக்கம் ஒரு இளம் சோடி. பிள்ளை உண்டாவதற்கு முன்னமே பாலை விட்டவர்கள், குளிசை ஒன்றும் எடுக்கவில்லை, "இயற்கையாக" இருக்க விருப்பமாம். நான் போனபோது பிள்ளைக்கு ஏழு மாதம், பாயில் மல்லாந்து கிடந்தான். சாவிக்கொத்தை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டினேன். கண் ஒருதரம் வந்து பார்த்துவிட்டு விலகிப் போனது, கை எழும்பவே இல்லை. தூக்கினால் தலை என் தோளில் சரிந்தது. விரல் மொளிகள் மட்டும் மற்றத் தோலைவிடக் கறுத்திருந்தன. மாமியார் பெருமையாகச் சொன்னா: "சரியான அமைதி தங்கச்சி இவன். அழவே மாட்டான். சைவப் பிள்ளையெல்லே!" தாய்க்காரி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "போன மாதம் குப்புறப் பிரண்டவன் அன்ரி, இப்ப பிரள்றான் இல்லை. சோறு பருப்பு வாயில வைச்சால் துப்புறான்."

பழகின ஒன்றைப் பிள்ளை மறந்துபோவது அமைதி இல்லை. அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி விடாப்பிடியாக நின்றேன், மாமியாருக்கு என்னில் கோபம்கூட. இரத்தம் எடுத்துப் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் பி12 அடிமட்டம். ஊசி போட்டார்கள். சில நாட்களில் சிரிப்பு வந்தது, இருக்கவும் தவழவும் மாதக்கணக்கில் பிடித்தது, பேச்சு இப்போதும் கொஞ்சம் பிந்தித்தான். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் திரும்பி வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். எவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டோம் என்பதில் இருக்கிறது அது.

தாய்க்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். வளர்ந்தவரின் ஈரலில் பி12 சேமிப்பு இருக்கும், வீட்டு அறையில் நெல்மூட்டை அடுக்கி வைத்திருப்பதுபோல, வயல் விளையாவிட்டாலும் சில வருடம் சமாளிக்கலாம். அதனால்தான் "பால் விட்டு இரண்டு வருஷம், ஒரு வருத்தமும் இல்லை" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. பிறக்கிற பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு மிகக் கொஞ்சம். தாயின் இரத்தத்தில் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும்.

இதில் இன்னொரு பொல்லாத சங்கதி இருக்கிறது. பி12 குறைந்தால் இரத்தசோகை வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், கீரையில் நிறைய இருக்கும் போலேற் என்கிற இன்னொரு விற்றமின் அந்த இரத்தசோகையை மறைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் இரும்போடு, அதே போலேற்றின் இன்னொரு வடிவமான போலிக் அமிலக் குளிசையும் தருகிறார்கள், அது தேவையானது, கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் அதற்குள் பி12 இல்லை. இரத்தம் நல்லாயிருக்கிறது என்று றிப்போட் வரும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ஸ்பைருலினாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரியே தோற்றம் காட்டும் போலிச் சரக்கு, உடம்புக்குப் பயன்படாது, சில இரத்தப் பரிசோதனையையும் ஏமாற்றும். புளிக்க வைத்த தோசை மா, காளான், கழுவாத கீரை, இவற்றையும் நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது. (கழுவாத கீரை என்று ஒருவர் உண்மையாகவே சொன்னார். வயிற்றோட்டம்தான் வரும்.)

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம், பால் கொடுக்கிற தாய்க்கு 2.8. பிறகு ஏன் குளிசையில் இவ்வளவு பெரிய எண் என்று பயப்படாதீர்கள். வழக்கமான வழியில் ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் குடல் எடுக்கும், மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவு ஊறிச் சேரும். அதனால்தான் தினமும் என்றால் 10 மைக்ரோகிராமாவது, கிழமைக்கு ஒருமுறை என்றால் 2000 என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவை டொக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அப்புறம் பால் விடாத சைவக்காரரும் இங்கே நின்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கப் பாலில் ஏறத்தாழ 1.2 மைக்ரோகிராம். இப்போது பலருடைய பால் என்பது தேத்தண்ணியில் கரைக்கிற ஒரு தேக்கரண்டி பால்மா. மாடும் இல்லை, மோரும் இல்லை, ஆச்சியின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பருப்புத் தண்ணி

ஆறு மாதத்தோடு, பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு தீர்ந்து வருகிற நேரம். அந்த நேரம் பார்த்து, பருப்பை அடியில் விட்டுவிட்டு மேலே தெளிந்த தண்ணியை வடித்துக் கொடுக்கிறார்கள். செமிக்குமாம். பிள்ளையின் வயிறு எவ்வளவு? அதைத் தண்ணியால் நிரப்பினால் பிறகு எதற்கு இடம்? மைசூர்ப் பருப்பைக் கரைய வேகவைத்து, சோற்றோடு மசித்து, முருங்கை இலையை அரைத்துச் சேர்த்து, மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும், பதம் அதுதான். ஆரோக்கியம் என்று எண்ணெயைக் குறைப்பது பெரியவர்களுக்கு, சின்னப் பிள்ளைக்கு எண்ணெய் வேண்டும். அதேபோல நார் நார் என்று மூன்று நேரமும் குரக்கனும் கீரையுமாகவே கொடுத்தால் வயிறு கெதியில் நிரம்பிவிடும், நிறை மட்டும் ஏறாது.

கையில் தேத்தண்ணி

புட்டும் தேத்தண்ணியும் பிரிக்க முடியாத சோடி என்று எனக்கும் தெரியும். ஆனால் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைத் தேயிலைச் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு எடுக்க விடாது. மச்சம் சாப்பிடுகிற வீட்டில் இது அவ்வளவு உறைக்காது, எங்களுக்கு உறைக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மகள் பெரிய பிள்ளையானால் உழுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து இடுப்பைப் பலப்படுத்துகிறோம், அதே கையால் ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு கோப்பை பிளேன்ரீயும் கொடுக்கிறோம். மாதாமாதம் இரத்தம் போகிற வயது அது.

இதற்கு எதிர்ப்பக்கம் தேசிக்காய். கீரைக்கறியை அடுப்பால் இறக்கின பிறகு பிழிந்துவிட்டால் இரும்பு நன்றாக இறங்கும். அடுப்பில் கொதிக்கக் கொதிக்கப் பிழிந்தால் விற்றமின் சியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். இல்லையென்றால் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம்.

தேங்காய்ப்பாலும் பால்தானே

பெயர்தான் பால். புரதமும் கல்சியமும் அதில் சொற்பம். சொதிக்கு நல்லது. ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ பதிலாக எந்தத் தாவரப் பாலும் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு, கல்சியமும் பி12உம் சேர்த்த சோயாப் பால் கிடைத்தால் அது பரவாயில்லை, பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

இந்துப்பு

அயடின் இல்லை. மீனும் பாலும் இல்லாத வீட்டில் அயடின் வருவது அயடின் சேர்த்த சாதாரண உப்பில் இருந்துதான், அதையும் தூக்கி எறிந்துவிட்டு ரோஸ் கலரில் விலை கூடின உப்பு வாங்குகிறார்கள்.

முழுக் கச்சான்

ஐந்து வயதுக்கு முன் வேண்டாம். தொண்டையில் சிக்கும். அரைத்துக் கொடுங்கள்.

வெயில்

யாழ்ப்பாணத்து வெயிலில் விற்றமின் டி குறைகிறதா என்று சிரிப்பார்கள். பிள்ளை வெயிலைக் காண்பது எப்போது, பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குச் சைக்கிள் ஓடுகிற அந்தப் பத்து நிமிடமா?

டொக்டரிடம் "நாங்கள் சைவம்" என்று மட்டும் சொல்வது

இந்த ஊரில் சைவம் என்றால் பால், தயிர், நெய் எல்லாம் சாப்பிடுகிறவர் என்றுதான் எந்த டொக்டரும் எடுத்துக்கொள்வார், அவரில் பிழை இல்லை. "பாலும் எடுக்கிறதில்லை, இத்தனை வருஷமாக" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கிளினிக் மிட்வைஃபிடமும் சொல்லுங்கள், கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவில் பால்மா இருப்பதால் அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர் பிள்ளை அதைச் சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பி12 பார்க்க இரத்தம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் குளிசையைத் தொடங்குவதற்கு முன்னால் கொடுங்கள், தொடங்கிவிட்டால் அதையும் சொல்லுங்கள். கால் விறைக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, நாக்கு வழுவழுவென்று சிவந்திருக்கிறது, மறதி கூடுகிறது என்றால் கிழமைக்கணக்கில் பொறுத்துப் பார்க்காமல் போங்கள். கர்ப்பமாக இருப்பவர் இந்த அறிகுறி ஒன்றும் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.