பழைய ஸ்கூட்டரின் மூடிக்குள்ளே: வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. எஞ்சின் கண்ணெதிரே நிற்கும். செயின் தளர்ந்திருந்தால் தெரியும், ஆயில் கசிந்தால் தெரியும். 150 சிசிக்கு மேல் 400 சிசி வரையிலான நடுத்தர ஸ்கூட்டரோ தலை முதல் வால் வரை பிளாஸ்டிக். செலவு வைக்கக்கூடிய சாமான்கள் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் இடப்பக்கத்து அலுமினிய மூடிக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. தினமும் வேலைக்குப் போய்வர இப்படி ஒரு வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுப்பவர் ஏமாற, விற்பவர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. மூடிக்குள் என்ன நிலவரம் என்று பல சமயம் அவருக்கே தெரியாது.

நான் வாங்கிய முதல் 300 சிசி ஸ்கூட்டர் ஒன்பது வருடத்தில் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் மனம் முடிவெடுத்துவிட்டது. இரண்டாவது மாதம், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் அறுந்தது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் லாரிகள். ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. கழற்றிப் பார்த்தபோது பெல்ட்டின் பற்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. ஓட்டக் கணக்கில் அது பாதி ஆயுளைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும்.

குறைந்த கிலோமீட்டரை நம்புவது

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். நிறுத்தியே வைத்திருந்த வண்டி, ஓடிய வண்டியைவிட மோசமாக இருக்கலாம். டேங்கில் பெட்ரோல் பழசாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரேக் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிஸ்டன் இறுகிப்போகும். ஆயில் சீல்கள் காய்ந்து, வண்டியை மறுபடி ஓட்டத் தொடங்கியதும் கசியும். ஒழுங்காக சர்வீஸ் பார்த்து, தினமும் ஓடி, 30,000 கிலோமீட்டர் கடந்த வண்டியை இன்று நான் தயங்காமல் முதலில் பார்ப்பேன்.

டயரின் வயதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கம் தேடுங்கள். தரையில் படும் கட்டையின் வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஐந்தாறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகி, ஈரச் சாலையில் பிடிமானம் இழக்கத் தொடங்கியிருக்கும். ஸ்கூட்டருக்குச் சக்கரம் சிறியது. ஒரே தூரத்துக்கு அதிகமான சுற்று சுற்றுகிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஆழமாக விழுகிறது. டயர் விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ளவே கூடாது.

சூடான எஞ்சினைப் பார்ப்பது

பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, 'நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் சைலன்ஸர் அருகே கையை மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவது நல்லது. ஸ்டார்ட் ஆகத் தடுமாறுவது, பலவீனமான பேட்டரி, முதல் சில நொடிகளில் வரும் நீலப் புகை எல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளிப்படும். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் மேல் சந்தேகம். ஓடும்போது முறுக்கும் நேரமெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங் வரை போக வேண்டியிருக்கும். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது என்று பொருள். அந்த வண்டி வேண்டாம்.

'எஞ்சின் சத்தமே இல்லை பாருங்க' என்பார்கள். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் மெல்லிய இடைவெளி) அதிகமானால் டிக் டிக் என்று கேட்கும். இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாமல் போகும்போது சத்தம் வராது, எக்ஸாஸ்ட் வால்வு அமைதியாகக் கருகும். அதனால் சத்தமில்லாததை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். டேப்பட் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் அதை அளக்க வேண்டும்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது

கியர் மாற்றத் தேவையில்லாத இந்த வண்டிகளின் உயிர் பெல்ட்டிலும் இரண்டு புல்லிகளிலும் இருக்கிறது. முன் புல்லிக்குள் (மெக்கானிக்குகள் வேரியேட்டர் என்பார்கள்) சின்னச் சின்ன ரோலர்கள் உண்டு. எஞ்சின் வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கமாக ஏறி, புல்லியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் முன்னால் மேலேறுகிறது, பின் புல்லியில் கீழிறங்குகிறது. கியர் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. பின்பக்கத்தில் இருக்கும் கிளட்ச் கட்டைகள் சுழற்சி வேகத்தில் விரிந்து மணி போன்ற ஒரு உறையைப் பிடித்தால்தான் சக்கரம் சுழலும்.

இந்த அமைப்பு புரிந்தால் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்பதும் புரிந்துவிடும். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் கட்டை வழவழத்துப் போயிருக்கிறது, அல்லது மணி கன்றியிருக்கிறது. எஞ்சின் அலறியும் வேகம் பின்தங்கினால் பெல்ட் வழுக்குகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானால் நடு வேகத்தில் ஒரு தயக்கம் வரும். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தாலும் உச்ச வேகம் குறையும். இவற்றில் பாதி, வண்டி நன்றாகச் சூடான பிறகே தெரியும். குறைந்தது இருபது நிமிடம், நின்று நின்று போகும் நெரிசலிலும் கொஞ்சம் திறந்த சாலையிலும் ஓட்டுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

ஓட்டிவிட்டு வந்ததும் பெரிய ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கம் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்து ஒரு பள்ளத்தில் விழுவதுபோல 'டக்' என்று நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் கதை தெரியும். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். மீட்டர் சொல்லும் கிலோமீட்டரோடு அது ஒத்துப்போகிறதா என்று யோசியுங்கள். பிளாஸ்டிக் பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விழுந்த வண்டியின் தடம் பிரேக் லீவர் நுனியிலும் சைலன்ஸர் ஓரத்திலும் பெரிய ஸ்டாண்டின் காலிலும் தங்கிவிடும்.

ஆவணங்களில் முக்கியமானது: தாளில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இரண்டாவது சாவியைக் கையில் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். சிப் வைத்த சாவிகளில் மாற்றுச் சாவி செய்வது பெரிய வேலை.

வாங்கிய பிறகு

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. முதல் சர்வீஸுக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குங்கள். பழைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் மாற்றுங்கள். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அதன் ஆயுள் 20,000 முதல் 25,000 கிலோமீட்டர். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

கியர் ஆயில் என்று தனியாக ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் பல மாடல்களில் கால் லிட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். தானே ஆயில் மாற்றுபவர்கள் செய்யும் பயங்கரமான தவறு, தவறான போல்ட்டைத் திறப்பது. கியர் ஆயில் கீழே வடிந்துவிடும். எஞ்சினில் பழைய ஆயில் அப்படியே இருக்க, அதன் மேல் புது ஆயிலை ஊற்றிவிடுவார்கள். கியர் பெட்டி காய்கிறது, எஞ்சின் நிரம்பி வழிகிறது. ஒரே வேலையில் இரண்டு நாசம். எந்த போல்ட் எது என்று கையேட்டின் படத்தில் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். அலுமினியத்தில் மரை சீக்கிரம் போய்விடும் என்பதால் பலம் காட்டி இறுக்கவும் கூடாது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் நுழைத்துப் பார்ப்பதா என்பதும் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஆயில் டப்பாவில் ஜாசோ (JASO, ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ (MA), எம்பி (MB) என்று இரு வகை எழுதியிருக்கும். எம்ஏ, ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள் கிளட்ச் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்தது. ஸ்கூட்டரின் கிளட்ச் வெளியே காய்ந்த நிலையில் இருப்பதால் உராய்வு குறைந்த எம்பி அதற்குப் பொருந்தும். சில நிறுவனங்கள் ஸ்கூட்டருக்கும் எம்ஏ சொல்கின்றன. அப்போது அதையே ஊற்றுங்கள்.

பெல்ட் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக வேலை தெரிந்தவர்களும் அவசரத்தில் இதைச் செய்கிறார்கள். பின் புல்லியை விரித்து பெல்ட்டை ஆழமாக உள்ளே இறக்கினால்தான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து நிற்கும். அப்படிச் செய்யாமல் முன் நட்டை இறுக்கினால், புல்லியின் இரு தட்டுகளுக்கு நடுவே பெல்ட் சிக்கிக்கொள்ளும். நட் இறுகிவிட்டதுபோலக் கைக்குத் தோன்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகரும், நட் தளரும், கிராங்க் தண்டின் மரையும் பற்களும் அரைபட்டுப்போகும். பெல்ட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சினைப் பிரிப்பதில் போய் நிற்கும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரோலரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பெல்ட் படும் முகத்தில் கிரீஸ் துளிகூடப் படக்கூடாது. மூடிக்குள் ஏற்கெனவே ஆயில் ஈரம் இருந்தால், கசியும் சீலைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போடுவது வீண்.

டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது அதன் தரம். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவி உண்டானால் லீவர் பொசுக்கென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பேட் நன்றாக இருந்தாலும்.

ஓட்டும் பழக்கத்தில் மூன்று: ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது முறுக்கிப் பிடித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் எரியும். பிரேக்கைப் பிடியுங்கள். அதிவேகத் தண்ணீர்ப் பாய்ச்சலைப் பெல்ட் மூடியின் காற்றுத் துவாரத்திலும் சக்கர பேரிங்கிலும் அடிக்க விடாதீர்கள். தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் பேட்டரி முழுதாக ஏறாது, ஆயிலில் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் தூரம் போய்வாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேலும், சற்று முறுக்கிப் பிடிக்கும்போது சுமார் 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். பேட்டரி செத்தால் சில மாடல்களில் சீட்டே திறக்காது. பேட்டரி அந்த சீட்டுக்கு அடியில் இருந்தால் என்ன செய்வது என்று இப்போதே கையேட்டில் படித்து வையுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது. என் வண்டியில் சீட்டைத் தூக்கினால் மூடியின் உட்பக்கம் ஒரு துணி டேப் ஒட்டியிருக்கும். அதில் பெல்ட், நான்கு ஆயில்கள், டேப்பட், டயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் பேனாவால் எழுதியிருக்கிறேன். என்றாவது விற்கும்போது, வாங்க வருபவருக்கு முதலில் அதைத்தான் திறந்து காட்டுவேன்.