அந்தொன்: சொல்லிலும் பொருளிலும் நேரும் தவறுகள்

ஜப்பானியக் காகித விளக்கு எதைக் கண்டாலும் 'அந்தொன்' என்று எழுதிவிடுவதுதான் முதலில் களைய வேண்டிய தவறு. மதுக்கடை வாசலில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயர் சோச்சின். மூங்கில் பிளாச்சு வளையங்களின் மேல் காகிதம் ஒட்டியிருப்பதால் அதை அமுக்கி மடித்துவிடலாம். கோயில்களில் நிற்கும் கல்விளக்கு தோரோ. அந்தொன் மடங்காது. மரச் சட்டத்தையோ மூங்கில் சட்டத்தையோ சுற்றிக் காகிதம் ஒட்டி, உள்ளே நம் அகலைப் போன்ற சிறு தட்டில் எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றுவது அது. தொக்குகவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) வீடுதோறும் பரவிய இவ்விளக்கை, விதையெண்ணெய் வாங்க இயலாதவர்கள் மத்தி எண்ணெய் ஊற்றி, அதன் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு எரித்தார்கள்.

சொற்பிறப்பில்தான் பலரும் இடறுகிறார்கள். இச்சொல்லை எழுதும் இரண்டு சீன எழுத்துகளில் முதல் எழுத்துக்குச் 'செல்லுதல்', இரண்டாவதற்கு 'விளக்கு' என்று பொருள் இருப்பதைக் கண்டதும், 'கையில் எடுத்துச் செல்லும் விளக்கு' என்று விளக்கம் எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்தில் அது உண்மைதான். ஆனால் வழித்துணை வேலையைச் சோச்சின் ஏற்றுக்கொண்டபின் அந்தொன் அறைக்குள் அமர்ந்துவிட்டது, நடந்த காலத்துப் பெயர் மட்டும் மாறவில்லை. எனக்கு இச்சொல்லில் மிகவும் பிடித்தது இதுவே. அந்த முதல் எழுத்தை வழக்கம்போல் 'கோ' என்று வாசிப்பதும் பிழை. கமக்குர காலம் (1185–1333) தொட்டு ஜென் துறவிகளும் வணிகர்களும் சீனத்திலிருந்து கொண்டுவந்த ஒலிப்பில் அது 'அன்'. துறவியர் ஊர் ஊராக நடப்பதைக் குறிக்கும் 'அங்க்யா'விலும் அதே ஒலிப்புதான் இருக்கிறது.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'ஆன்டான்', 'அண்டன்' என்று எழுதுவதற்குத் தேவையே இல்லை. மூலத்தில் உயிர்கள் இரண்டும் குறில். 'ந்தொ' என்று எழுதினால் மெல்லினத்தை அடுத்த வல்லினம் தானே மெலிந்து ஒலித்து, ஜப்பானிய ஒலிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

மோட்டார் வாகன ஆலைகளில் கேட்கும் 'அந்தொன் போர்டு' ஏதோ ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அன்று. டொயோட்டா வழியாக உலகெங்கும் பரவிய இதே சொல்தான். அதை 'நிறுத்தும் விளக்கு' என்று மொழிபெயர்ப்பதும் சரியாகாது. குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்ததும் எந்த இடத்தில் சிக்கல் என்பதைப் பலகை ஒளிர்ந்து காட்டும், குழுத்தலைவர் அங்கே விரைவார்; வண்டி குறித்த எல்லையை எட்டுமுன் குறை தீர்ந்துவிட்டால் உற்பத்தி வரிசை நிற்காமலே ஓடும்.